லாம்

அமைச்சரை ஐந்து லட்சம் பேர் தேர்ந்தெடுத்தார்கள்.
என்னை ஒரு வினாத்தாள்.
அதிலும் நான்கு கேள்விகளுக்கு
கண்ணை மூடிக்கொண்டு வட்டம் போட்டேன்.

இருபத்தாறு வருடம். ஒன்பது அமைச்சர்கள்.
முதல் நாள் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள்:
இனிமேல் கோப்பு நடக்காது, ஓடும்.
மூன்றாம் மாதம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்:
எங்கே கையெழுத்து?
மஞ்சள் சீட்டில் ஓர் அம்பு வரைந்து ஒட்டுவேன்.
அம்பு காட்டிய இடத்தில்
மக்களாட்சி நடக்கும்.

டெல்லி, பவனின் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே துருப்பிடித்த கூலரின் தலையில்
புறா ஒன்று குடியிருக்கிறது.
அதைக் காலிசெய்யக் கோரிய கடிதம்
பொதுப்பணித் துறையில் இருக்கிறது, ஆறு வருடமாக.

நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை.
யாரையும் திட்டி அனுப்பியதில்லை.
செய்ததெல்லாம் இவ்வளவுதான்:
வாக்கியத்தின் வாலை மாற்றுவது.
வழங்க வேண்டும் என்று வரும்.
வழங்கலாம் என்று போகும்.
கோப்பு இங்கிலீஷில் ஓடும், இந்தியில் ஓடும்.
வால் மட்டும் எனக்குத் தமிழில்தான் தெரியும்.
ஒரு சின்ன லாம்.
அதற்குள் ஒரு மாவட்டமே
வரிசையில் நிற்க இடமுண்டு.

ஃபூல்மணி டுடு வந்தது ஒரு நவம்பரில்.
கல்லுடைக்கிற தூசி அவள் புருஷனை
உள்ளிருந்தே தின்றிருந்தது.
வாசலில் பாஸ் வாங்க இரண்டு நாள்,
மாடி ஏற ஐந்து நிமிடம்.
ஜவுளிக்கடைப் பையிலிருந்து எக்ஸ்ரேயை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
விலா எலும்புகளுக்கு நடுவில்
புறா உட்கார்ந்திருந்தது.

கொடுப்பார்களா என்று கேட்டாள்.
கொடுக்கலாம் என்றேன்.
அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டு
கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இந்த ஜனவரி, பனிமூட்டத்தில்
எதிர்க் கட்டடமே தெரியாத ஒரு காலை,
உத்தரவு தயாரிக்கச் சொன்னார்கள்:
ஒரு கோப்பு கடக்கும் ஏழு மேசை
இனி நான்காகும்.
போகிற மூன்றில் ஒன்று என்னுடையது.
வரைவு எழுதுவதும் நான்தான்.
வேறு யாருக்கு அந்த நடை வரும்?

தேநீர் வைத்த ராம் கிலாவன் திரையை எட்டிப் பார்த்தான்.
உட்கார்ந்த கிளையையா வெட்டுகிறீர்கள், மேடம்?
பேசாமல் பிரெட் பக்கோடாவைப் பிய்த்தேன்.
கர்சர் மினுக்கியது, மினுக்கியது.
குறைக்கப்பட, என்று எழுதி
நின்றிருந்தேன்.
பிறகு அடித்தேன்: வேண்டும்.
இருபத்தாறு வருடத்தில்
நானாகப் போட்ட முதல் வேண்டும்.

நான்கு நாளில் திரும்பி வந்தது.
என் வேண்டும் மேல் ஒரு கோடு,
கோட்டின் மேல் பச்சை மையில் ஒரு லாம்.
ஓரத்தில், பேசவும்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன்.
வந்தது மூச்சு.
வயிற்றில் முடிச்சு அவிழ்ந்து
வீட்டுக்கடன், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ்,
பையனின் மூன்றாம் செமஸ்டர் எல்லாம்
தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்தன.
இதையும் பதிவு செய்கிறேன்.
குறிப்பில் எதையும் மறைக்கக் கூடாது என்பது விதி.

மாலையில் கோப்பை அமைச்சர் முன் வைத்தேன்.
பேனா மூடியைத் திறந்தார்.
தேடினார்.
அம்பு இல்லை.
ஒட்ட மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

எங்கே, என்றார்.
உள்ளேதான் எங்கோ இருக்கும், ஐயா, என்றேன்.

ஒரு பக்கம் புரட்டினார்.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.
இரண்டாம் பக்கத்தில்
பச்சை மைக்கு அருகே
அவர் விரல் நின்றது.

ஃபோன் அடிக்க ஆரம்பித்தது.