மூன்றா எட்டா

நீகாத்தாவில் யாரோ பதினோரு வருடம் ஓட்டிய வண்டி.
படத்தில் பார்த்தேன், பணம் கட்டினேன்,
அப்புறம் கடல் பார்த்துக்கொண்டது.
தியான்ஜின் துறைமுகத்தில் ஒன்பது நாள்,
கோபியைக் கடக்கும் சரக்கு ரயிலில் நான்கு நாள்,
சாமின் ஊத் எல்லையில்
ஒரே ஒரு முத்திரைக்காக ஒரு வாரம்.
"வந்துடும் செவெல்மா, வந்துடும்" என்று
நான் ஹலோ சொல்வதற்குள் சொல்லி
போனை வைத்துவிடுவார் தரகர் தம்பதர்ஜா.

வந்தது. பாதி வெள்ளை, பாதி கோபி.
வலப்பக்கம் ஸ்டீயரிங்.
வழிகாட்டித் திரையில்
நானும் வண்டியும் நடுக்கடலில் நின்றோம்.
கையுறைப் பெட்டிக்குள்
பெட்ரோல் ரசீது ஒன்று,
கால் உடைந்த மூக்குக்கண்ணாடி.
பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண்குரல்
ஜப்பானிய மொழியில் எதையோ கேட்டது.
அவ்வளவு மரியாதையாக
இந்த ஊரில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

மனிதருக்கு வயதானால் சலுகை,
வண்டிக்கு வயதானால் வரி.
அதையும் கட்டினேன்.

பதிவு அலுவலக முற்றம், உலான்பாத்தர்,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
ஆய்வாளர் பூரெவ்ஜல் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
எஞ்சினுக்குப் பின்னால் பொறித்த எண்ணைப் படித்தார்.
தாளைப் பார்த்தார். மறுபடி இரும்பை.
"தாளில் எட்டு. இதில் மூன்று.
இது வேறு வண்டி."
"இதுதான் ஐயா என் வண்டி."
"நாளைக்கு வாங்க."

என் வேலை எக்ஸ்ரே.
மாவட்ட மருத்துவமனையில் பத்தொன்பது வருடம்.
பனியில் வழுக்கிய மணிக்கட்டுகள்,
குதிரை உதைத்த விலா எலும்புகள்.
ஒன்றுமில்லை என்று டாக்டர் தள்ளிவைத்த படத்தில்
மயிரிழை விரிசலைக் காட்டியிருக்கிறேன்.
துருவா எனக்குப் பெரிது?

மறுநாள் ஸ்பிரிட், பஞ்சு, மெல்லிய தாள்,
மகனின் பென்சில்.
கையுறையைக் கழற்றினால் விரல் போகும்,
கழற்றாவிட்டால் எண் போகும்.
கழற்றினேன்.
புண் துடைப்பதுபோல் துடைத்தேன்,
தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப்போட்டுத் தேய்த்தேன்.
வலது வளைவுகள் முதலில் வந்தன, எல்லாருக்கும் தெரிந்தவை.
பிறகு இடது பக்கம்,
மேலே ஒன்று, கீழே ஒன்று,
மூச்சுவிட்டால் மறைந்துவிடும் என்பதுபோல.

பூரெவ்ஜல் நெடுநேரம் பார்த்தார்.
"எட்டு மாதிரிதான் இருக்கு."
ஆனால் மாதிரிக்கு முத்திரை கிடையாது.
மேலதிகாரி, அவருடைய விடுப்பு,
விடுப்பிலிருந்து திரும்பியவரின் ஜலதோஷம்.
நான் எடுத்த நகல்களை விரித்தால்
எல்லைவரை தண்டவாளத்துக்குப் பாய் போடலாம்.
பதினோராம் நாள்
என் பென்சில் தாளின் மேலேயே முத்திரை விழுந்தது,
எண்ணின் பாதியை மறைத்துக்கொண்டு.

பலகை கொடுத்தார்கள். கடைசி இலக்கம் மூன்று.
இந்த நகரத்தில் மூன்றும் எட்டும்
புதன்கிழமை ஓடக்கூடாது.
மூன்றானாலும் எட்டானாலும், புதன்.
அதைச் சொன்னதும் பூரெவ்ஜல்
முதலில் முறைத்தார். பிறகு அந்த மீசை
அசைந்ததா, பனியா, தெரியவில்லை.

முதல் புதன். பஸ்ஸில் நின்றபடியே போனேன்,
நின்றபடியே வந்தேன்.
இராத்திரி பத்து மணிக்குக் கீழே இறங்கினேன்.
ஓட்டத்தானே கூடாது,
எஞ்சின் உறைந்துவிடாமல் சூடுபண்ணத் தடையில்லை.
உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன்.
அந்தக் குரல் கேட்டது.

அது என்ன கேட்கிறது என்று
மூன்றாம் மாடி மாணவன் நேற்றுத்தான் சொன்னான்:
சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லையாம்.
கடல் தாண்டி, பாலை தாண்டி, இத்தனை சாவடி தாண்டி
இன்னும் ஒரு அட்டை பாக்கி.

முன்கண்ணாடியில் என் மூச்சு வெள்ளையாகப் படிந்தது.
"நாளைக்கு" என்றேன் அவளிடம்,
என்னால் முடிந்த மரியாதையோடு.