தட்டின் எடை நீங்கலாக

நலன் என்றுதான் சொன்னேன்.
பன்னிரண்டு ஆண்டுகளாக அதையே சொல்கிறேன்.
ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் படிவத்தின் வாசனை,
தமிழில் பழைய கடிதத்தின் வாசனை:
நலம், நலமறிய ஆவல்.
வாசனை பார்க்க எனக்குச் சம்பளமில்லை.

ஹேவ்லாக் ஸ்குவேர். ஏர்கான் குளிர்.
அமுதவல்லி துப்பட்டாவை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.
காலையில் பிள்ளையை எழுப்புவது யார், என்றார் நீதிபதி.
கேட்டேன்.
"அவ எங்க எழுந்திரிப்பா,
தூக்கத்துலயே பல்லு வெளக்கி விட்டுருவேன்."
ஆங்கிலமாக்கினேன்.
பல் போய்ச் சேர்ந்தது.
தூக்கம் பாதி வழியில் நின்றுவிட்டது.

ரகுநாதனுக்கு நான் தேவையில்லை.
அவர் பிரமாணப் பத்திரம் நூற்று நாற்பது பக்கம்:
செங்காங் வீட்டில் தனியறை,
துணைப்பாட வகுப்பின் ரசீதுகள்,
படிக்கும் மேசையின் படம்,
மேசை விளக்கில் இன்னும் உரிக்காத விலைச்சீட்டு.
கெட்டவர் என்று எழுத எனக்கும் வசதிதான்.
ஆனால் கதவு நிலையில் பென்சிலால் பிள்ளையின் உயரம்
மாதாமாதம் குறித்திருக்கிறார்.
மார்ச்சோடு அந்தக் கோடுகள் நின்றுபோனதைச் சொல்லும்போது
பக்க எண்ணைத் தவறாகப் படித்தார்.

மூச்சிரைத்தால்?
நீல இன்ஹேலர், இரண்டு முறை.
நடுவில் எவ்வளவு நேரம்?
முப்பது விநாடி என்றார் அவர்.
முப்பது எண்ணுவேன் என்றாள் அவள்.
நாள் முழுக்க இருவரும் ஒத்துப்போனது
அந்த அரை நிமிடத்தில்தான்.

அன்று மாலை தேக்காவில் மீன் வாங்கினேன்.
கடைக்காரர் காலித் தட்டைத் தராசில் வைத்து
பூஜ்யத்தை அழுத்தினார்; பிறகுதான் மீனை வைத்தார்.
ஓ, இதைத்தான் அந்த அறையிலும் செய்கிறார்கள்:
அப்பாவைக் கழித்து, அம்மாவைக் கழித்து,
வாட்ஸ்அப்பில் யார் முதலில் திட்டியது என்பதையும் கழித்து,
மிச்சம் இருப்பது பிள்ளையின் எடை.
வீடுவரை அது சரியாகத்தான் இருந்தது.
மீனைக் கழுவும்போது தோன்றியது,
மீன் தட்டில் பிறக்கவில்லை.

நிலானியிடம் நீதிபதி தனியாகப் பேசினார்.
ஏழு வயது. ஆங்கிலம் அவளுக்குச் சறுக்குமரம்.
வெளியே காத்திருந்தேன்.
நீள்பெஞ்சில் அவர், இரண்டு இடம் விட்டு அவள்,
நடுவே யூனிகார்ன் படம் போட்ட தண்ணீர்ப் புட்டி.
இருபது நிமிடத்தில் கதவு திறந்தது.
பிள்ளை அந்தப் புட்டியைப் பார்த்துக்கொண்டே
தமிழில் கேட்டாள்:
"நான் சரியா சொன்னேனா?"
அதை மொழிபெயர்க்கச் சொல்லி
யாரும் என்னைக் கேட்கவில்லை.

உத்தரவு இரண்டு பக்கம்.
வாரநாட்கள் தாயிடம்.
வெள்ளி மாலை ஏழு மணிக்கு
புளோக்கின் கீழ்த்தளத்தில்,
அஞ்சல் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒப்படைப்பு.
பள்ளிப்பை, இன்ஹேலர், உடன் செல்ல வேண்டும்.
இவ்வளவு எளிதான தமிழ் எனக்கு அபூர்வமாகவே கிடைக்கும்.

"பிப்ரவரியில என் பாஸு முடியுது,"
என்றாள் அமுதவல்லி.
"அவரு கையெழுத்துப் போட்டாத்தான் நீட்டிப்பாங்க. அதுக்கப்பறம்?"
கேட்டேன், அவள் நிறுத்திய இடத்திலேயே நிறுத்தி.
அது வேறு கட்டடம், வேறு வரிசை எண்.
நீதிபதிக்குத் தெரியும். பேனாவை மூடினார், திறந்தார்.
ரகுநாதன் தன் கைகளைப் பார்த்தார்.
சொல்ல எதுவும் வராததால்
நான் தண்ணீர் குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல்மாடியில் கூப்பிட்டார்கள்.
எண்பத்தொரு வயது அப்பா, மூன்று பிள்ளைகள்,
ஒரு வங்கிக் கணக்கு.
அவர் சக்கர நாற்காலியில் சட்டைப் பொத்தானைத்
திருகிக்கொண்டிருந்தார்.
அங்கும் முதல் சொல் அதுதான்.
அவர் பக்கம் குனிந்து,
நலன், என்றேன்.
"நல்லாத்தான் இருக்கேன்," என்றார் அவர்.