காரணம் என்ற கட்டம்

இழப்பீட்டுப் படிவத்தில் பதினோராவது கட்டம்:
காரணம்.
அரை அங்குல இடம்.
யானை என்ற சொல் அதில் அளவெடுத்ததுபோல் பொருந்தும்.
ஐந்து வருடக் கிராம அலுவலர் வேலையில்
வேறெதுவும் நான் அதில் எழுதியதில்லை.

இன்று மங்களேஸ்வரியின் குத்தகை வயல்.
ஒட்டுசுட்டானுக்குக் கிழக்கே, ஒன்றேகால் ஏக்கர்,
சிறுபோகம், குடலைப் பருவம்.
உலைமூடி அகலத்தில் கால்தடங்கள்,
எல்லாவற்றிலும் வாய்க்கால் தண்ணீர்,
ஒன்றில் அதற்குள் தவளை முட்டையும்.
"யானையெண்டு எழுதுங்கோ பிள்ளை,
வேறென்னத்த எழுதப்போறியள்?"

யானை ஏன் வந்தது?
அது நடந்த தடத்தில் போன மாசி மின்வேலி இறங்கியது.
வேலிக்குள் புதிதாய் அறுபது வீடு.
அறுபதும் இத்திமடுச் சனம்.
இத்திமடுவில் இப்போது காடு நிற்கிறது,
காட்டோரம் அரசாங்கத்தின் எல்லைக்கல் நிற்கிறது:
உட்புகுதல் குற்றம்.

அந்தக் காட்டுக்கு என்ன வயது?
மங்களேஸ்வரி வீட்டு அத்திவாரத்தைப் பிளந்த இத்திக்கும்
முகாமில் பிறந்த அவளின் இளையவனுக்கும்
ஒரே வயது.
சனம் ஓடியது. மேய மாடில்லை.
வெட்டக் கத்தியில்லை.
கட்டு உடைந்த குளத்தின் மடுக்களில்
தண்ணீர் தங்கிப் புல் தழைத்தது.
புல்லுக்கு யானை வந்தது, குட்டி போட்டது.
சனம் திரும்பியபோது
அவர்கள் இல்லாமையே மரமாகி வளர்ந்து
அவர்களை உள்ளே விட மறுத்தது.

திரும்பியவர்களுக்கு வீடு வேண்டும்,
வீட்டுக்கு மணல்.
பேராற்றில் இரவெல்லாம் டிப்பர்.
ஆறு தாழ, ஆடியிலும் வற்றாத மடு வற்றியது.
அந்த மடுவில்தான் யானை குடித்தது.
மணல் அனுமதிக் கடிதத்தில்
சிபாரிசு செய்பவர் என்ற கோட்டின் மேல்
என் கையெழுத்து. வடிவான கையெழுத்து.
எங்கள் வீட்டுக் குசினித் தரையும் அந்த மணல்தான்,
வெறுங்காலுக்குக் குளிர்ச்சி.

இன்னொன்று:
பங்குனியில் எல்லைக்கல்லுக்கு அப்பால்
மறைவாக ஒதுங்கப் போனேன் (அதுவும் குற்றம்).
காட்டின் நடுவே பழைய இலத்தியில்
நெல் முளைத்துக் கதிர் தள்ளியிருந்தது.
ஒரு கதிரை ஒடித்துவந்து மங்களேஸ்வரியிடம் காட்டினேன்.
மணியை நகத்தால் உரித்தாள்.
ஆட்டக்காரி. அவளின் விதைநெல்.
அவள் போகமுடியாத வளவுக்கு
யானை சுமந்துபோய் விதைத்திருக்கிறது.
அந்த விளைச்சலைப் பதிய
எந்தப் படிவத்திலும் இடமில்லை.

"மழை வரமுன்னம் காசு வருமோ?"

தெரியாது என்பதை வேறுமாதிரிச் சொன்னேன்.
மூன்று பிரதி. மூன்றிலும் யானை என்றெழுதி
முற்றுப்புள்ளி வைக்கவேண்டிய இடத்தில்
காற்புள்ளி வைத்தேன்.
கச்சேரியில் அதைப் பேனை கசிந்ததென்று நினைப்பார்கள்.

அவள் மண்வெட்டியோடு இறங்கி
தடங்களை மிதித்து மூடத் தொடங்கினாள்.
தவளை முட்டை கிடந்ததை மட்டும்
சுற்றிக்கொண்டு போனாள்.
ஏனென்று நான் கேட்கவில்லை.