முளை

பார்பர்ட்டனில் துணி வெளுக்க வந்து
பதினோரு வருஷம்.
ஊரில் நான் வண்ணான் இல்லை.
இங்கே தொட்டி காலியாகக் கிடந்தது, ஆனேன்.

ஒருவன் எங்கே தோண்டினான் என்பதை
அவன் வாய் சொல்லாது,
கால்சட்டை மடிப்பு சொல்லும்.
சிவப்பு என்றால் ஆற்றங்கரை.
சாம்பல் என்றால் கம்பெனிச் சுரங்கம்.
தொலைந்த மாட்டைத் தேடி
இரண்டு நாள் மலையில் அலைந்த டுப்ரேயின் துணியில்
நீலம் பாரித்த களி இறங்கியது.
தொட்டியின் அடியில் விரலை ஓட்டினேன்.
நகக்கண்ணில் ஒரு மினுக்கம்.
குன்றிமணியில் நூறில் ஒரு பங்கு இருக்கும்.

அங்கப்பனிடம் சொன்னது என் குற்றம்.
காய்கறிக் கூடையோடு சரிவெல்லாம் ஏறுகிறவன்.
"நீலக்களியா? ஓல்டு மேரி" என்றான்.
"வெள்ளம் புகுந்து, போட்டுவிட்டுப் போன குழி.
எங்கே என்று ஊரே தேடி விட்டுவிட்டது.
அதன் வாயில் உட்கார்ந்துதான்
தினமும் சுருட்டுப் பிடிக்கிறேன் போல."

பொன் விளையும் நிலத்தில் முளை அடிக்க
நம் தோலுக்குச் சட்டம் இல்லை.
பெயர் டுப்ரேயுடையது, முதுகு எங்களுடையது,
ஆளுக்கு மூன்றில் ஒன்று.
காகிதம் எழுதவில்லை,
எழுதினால் அதுவே சாட்சி சொல்லும்.
உரிமச் சீட்டுக்குப் பணம்
என் சோடா உப்பு டப்பாவிலிருந்து போயிற்று.

நாலு மூலைக்கு நாலு முளை.
வெட்ட எளிது என்று
முள்முருங்கைக் கிளையைச் சீவினான் அங்கப்பன்.
மேலே தகரத்தில் டுப்ரேயின் பெயர்.
கீழே, புல் மறைக்கும் உயரத்தில்,
கத்தி முனையால் தன் பெயரைக் கீறினான்.
"இன்ஸ்பெக்டர் கண்ணுக்குப் பூச்சி அரித்த மாதிரி இருக்கும்.
இந்த ஊரில் இதை வாசிக்க
உன்னை விட்டால் ஆள் ஏது?"

முட்டுக் கொடுக்க மாசெகோவை அழைத்தோம்.
அவர் கோடரியின் பின்புறத்தால்
பழைய மரத்தைத் தட்டினார்.
சுரைக்குடுக்கைச் சத்தம்.
"கறையான் தோலை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறது.
திரி சுருங்கினால் பேசாமல் ஏறு.
பேசவும் காற்று வேண்டும்."
அரை நாள் கூலியை வாங்காமல் இறங்கிப் போனார்.

கயிறு என் கையில்.
நாற்பது அடியில் வெளிச்சம் மஞ்சளாய் இருந்தது.
அறுபதில் நீலமாய்.
"வண்ணாரே, தெரியுது!"
என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை.

நான் இழுத்தேன்.
ஈரக் கம்பளி ஐம்பதைத் தூக்கிய கை இது,
அவனைத் தூக்கவில்லை.
மாசெகோ பாதி வழியிலிருந்து ஓடி வந்தார்.
டுப்ரே அப்போது ஹோட்டலில் இருந்தார்.

அவன் கைக்குள் இருந்த கல்லை
உருக்கிப் பார்த்தவன் சொன்னான்:
இரும்பும் கந்தகமும்.
அப்படியானால் என் நகக்கண்ணில் இருந்ததும் அதுதானா?
தெரியாது. அன்றே கழுவிவிட்டேன்.

ஆசியாக்காரனுக்குக் குழியில் என்ன வேலை
என்று கேட்டார்கள்.
"என் கூலியாள்" என்றார் டுப்ரே.
அப்படியே எழுதிக்கொண்டார்கள்.
அந்தப் பொய் இல்லையென்றால்
நான் ஜெயிலில் துணி வெளுத்துக்கொண்டிருப்பேன்.
அதற்காக அவரிடம் கோபப்படவும் முடியவில்லை,
படாமல் இருக்கவும் முடியவில்லை.

அவன் சட்டையைத் துவைத்துத்தான் போட்டு அனுப்பினேன்.
மூன்று தண்ணீர் மாற்றியும்
முழங்கையில் நீலம் போகவில்லை.

சீட்டு காலாவதியாகி இரண்டு மழை.
முளைகள் நாலும் வேர் பிடித்துவிட்டன.
ஆகஸ்டில் இலைக்கு முன்னால் பூ.
பட்டை பெருக்கப் பெருக்க
எழுத்துகளும் அகலமாகின்றன,
'ங்'கின் புள்ளி மட்டும் மூடிக்கொண்டது.

நேற்று புதிதாக ஒருத்தன் துணி போட்டான்.
கால்சட்டை மடிப்பில் ஒரு சிவப்பு இதழ்.
உதறாமல் தொட்டியில் போட்டேன்.
தண்ணீர் தெளிகிற வரை
பக்கத்திலேயே நின்றேன்.