பின் இடது

நாலாவது தடவையாக
அதே ஆல்பத்தை வாங்கியிருக்கிறேன்.

முதல் தடவை கேசட். ஜங்ஷனில்
காலி டேப்பில் பதிந்து தருகிற கடை.
அறுபது நிமிட டேப்பில் அடங்காமல்
கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துபோகும்.
பத்து வருஷம் அதுதான் முடிவு என்றிருந்தேன்.
அப்புறம் சிடி. பாட்டு அறாமல் போய்
மெல்லத் தேய்ந்து முடிந்தது. பிடிக்கவில்லை.
மூன்றாவது கறுப்புத் தட்டு. சுற்ற மிஷின் கிடையாது,
அட்டையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் வேண்டும்.
பாட்டுக்கு நடுவிலேயே உட்காரலாமாம்.

சென்னை கஸ்டம்ஸில் ஒன்பது நாள் கிடந்தது.
தீர்வை ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
கையெழுத்து வாங்கிக்கொண்டே கூரியர் பையன் கேட்டான்:
"மருந்தா அண்ணாச்சி?"
ஆமாம் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

பின் ஸ்பீக்கர் இரண்டும்
மேலப்பாளையம் சிந்தா மதாரிடம் வாங்கியவை,
மூடிப்போன கல்யாண மண்டபத்தில் கழற்றியது.
"எத்தன கெட்டிமேளம் பாத்துருக்கும், ராசியான சாமான்"
என்று ஐந்நூறு கூடுதலாகக் கேட்டான்.
ஒன்று பீரோ மேல்.
பின் இடது, அரிசி டின்மேல்,
மடித்த துண்டுக்கு மேல்.

என் இடது காது பாதிதான்.
பணகுடிக் காற்றாலையில் பத்தொன்பது வருஷம்
கியர்பாக்ஸ் பக்கம் நின்ற காது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் வரைந்து தந்த படத்தில்
கோடு சமமாக வந்துகொண்டேயிருந்து
மணிமுத்தாறு அருவி மாதிரி விழுகிறது.
"சின்னச் சத்தமெல்லாம் போயிரும் சார், பேச்சு கேக்கும்."
எனக்கு அது மாறியிருந்தால் தேவலை என்றேன்.
அந்தப் பெண் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. புஷ்பம் சர்ச்சுக்குப் போயிருந்தாள்.
முன்னால் டிரம்ஸ். வலது சுவரைப்
பிய்த்துக்கொண்டு வருகிறது கிடார்.
சப்வூஃபர் உறுமும்போதெல்லாம் அடுக்களையில்
எவர்சில்வர் தட்டுகள் பல்லைக் கடிக்கின்றன.
பின் இடதில் மட்டும் ஒன்றையும் காணோம்.
வயரைப் பிடுங்கிச் சொருகினேன்.
சிந்தா மதாருக்குப் போன் போட்டேன்.
"கைய வச்சுப் பாரும். அதிருதா?"
அதிர்ந்தது.
"பொறவு என்ன?" வைத்துவிட்டான்.

நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.
டிவிக்கு முதுகு, அரிசி டின்னுக்கு வலது காது.

ஆர்கன்.
முப்பத்தெட்டு வருஷமாக இந்தப் பாட்டுக்குள்
ஒருவன் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.
இப்போது கிடாரைக் காணோம்,
அது செத்த பக்கத்துக்குப் போய்விட்டது.
பாதிப் பாட்டு இப்படி உட்கார்ந்து, பாதி அப்படி.

வேதப்புத்தகப் பையும் சாளை மீனுமாய் வந்து நின்றாள்.
"சுவரப் பாத்து உக்காந்திருக்கிய? யாரு மேல கோவம்?"
ஒரு பாட்டு முடிந்து
அடுத்தது தொடங்காத இடம் அது.
"அடுக்களப் பக்கம் யாரோ இருமுதாவ."
பின்கதவைத் திறந்தாள், மோட்டார் ரூம் வரை போய்ப் பார்த்தாள்.
ஒருத்தருமில்லை.

பின்னால் ஓட்டிப் போட்டேன்.
"அந்தா, இப்பவும்."
எனக்குக் கேட்கவில்லை.
டின் பக்கம் குனிந்தேன், இந்தக் காதை, நல்ல காதை,
துணியிலேயே வைத்து.
மூன்றாம் தடவையும் கேட்கவில்லை.
இரண்டு பேரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவள் என் வலது பக்கம் வந்து
முந்தானையை வாயில் வைத்து இருமிக் காட்டினாள்.
ஒன்றரை இருமல். அரையைப் பொத்திக்கொண்டான்.
"சளி இல்ல. சிகரெட்டுக்காரன் இருமல்.
பாவம், எந்தூர்க்காரனோ."

சாளை மேஜைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.
அரிசி டின்னுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவ போடுங்க.
பாட்டு வேண்டாம்.
இருமல மட்டும்."