ஒன்பதாவது மாடிக்கு மேல்

லிஃப்ட் கெட்டுப் பதினோரு நாள்.
பிளாக்கில் அதற்காகச் சந்தோஷப்பட்டவள்
நான் ஒருத்திதான்.

செப்டம்பரில் மலையேறப் போகிறேன்.
இமாச்சலில் மூன்று நாள் நடை.
தேவதாருக்களுக்குள் நுழைந்து நுழைந்து போகிற பாதை,
மரங்களுக்கே மூச்சு முட்டி
அவை நின்றுவிடுகிற உயரத்தில்
ஓர் ஏரி.
பணம் கட்டியாயிற்று, மூன்று தவணையாக.
அவர்கள் அனுப்பிய குறிப்பில் இருந்தது:
முதுகில் பத்துக் கிலோ வைத்துப் பழகவும்.
ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைத் தின்னும்.

வியாசர்பாடியில் மலைக்கு எங்கே போக?
இருக்கிற உயரம் மேம்பாலம்,
அதை விட்டால் கொடுங்கையூர்க் குப்பை.
ஆகவே படிக்கட்டு.
மாடிக்குப் பதினெட்டு,
மொட்டைமாடி வரை நூற்றெண்பது.
பாரிமுனையில் பேரம் பேசி வாங்கிய பைக்குள்
ரேஷன் அரிசி பத்துக் கிலோ.
யார்டிலிருந்து வந்து
கன்டெய்னர் நம்பர்களைக் கண்ணிலிருந்து கழுவிவிட்டு
ராத்திரி எட்டரைக்கு ஏறத் தொடங்குவேன்.

முதல் மாடியில் காடு இன்னும் அடரவில்லை,
சங்கிலி போட்ட சைக்கிள்கள்தான்.
இரண்டில் ஈரத்துணி முகத்தில் அறையும்.
மூன்றில் காரப்பொடிக் கருவாடு வறுபடும்.
நாலில் பல்பு கிடையாது,
சுவரைத் தடவிக்கொண்டுதான் போகவேண்டும்;
இரண்டு பூனைக்கண்கள்
என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வரும்.

‘இன்னா புனிதா, மலைக்கா?
போறப்ப இந்தத் தண்ணி கேன
ஆறுல மஸ்தான் வூட்ல குட்த்துடு.’
மறுநாள் ஐந்து கிலோ வெங்காயம்.
அதற்கு மறுநாள்
யாருடையதோ தையல் மெஷினின் தலை.
அரிசியை எடுத்துவிட்டேன்.
சுமைக்கு இங்கே பஞ்சமே இல்லை.

ஏழில் இக்கி.
முழுப்பெயர் இக்னேஷியஸ்,
ஹார்பரில் சங்கிலி அறுந்து பாதம் நசுங்கியவன்.
பதினோரு நாளாகக் கீழே இறங்கவில்லை.
வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
இது எனக்கு எத்தனையாவது சுற்று என்று
என்னைவிடச் சரியாக எண்ணிக்கொண்டிருந்தான்.

‘அந்த ஏரி போட்டோ காட்டு.’
காட்டினேன்.
விரலால் பெரிதாக்கினான், மறுபடியும் பெரிதாக்கினான்.
‘மீனு இருக்குமா?’
தெரியாது.
‘மீனில்லாத தண்ணியப் பாக்க
இம்மாம் துட்டா?’
சொல்லிவிட்டானே தவிர
போனை உடனே திருப்பித் தரவில்லை.

நேற்று சாயங்காலம் மழை கொட்டி ஓய்ந்தது.
‘மேல கூட்டினு போ’ என்றான்.

ஐம்பத்துநாலு படி.
உட்கார்ந்தபடி, பின்பக்கமாக,
ஒவ்வொரு படிக்கும் கையூன்றி உடம்பைத் தூக்கினான்.
கட்டுப்போட்ட காலை நான் ஏந்திக்கொண்டேன்,
கண்ணாடி ஜாடியை ஏந்துவதுபோல.
எட்டில் ஒருமுறை நின்றோம்.
ஒன்பதில் அவன் முகம் நனைந்திருந்தது,
வியர்வை என்றே வைத்துக்கொள்வோம்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
ஒரு வீட்டில் மட்டும் டிவியைக் குறைத்தார்கள்.

கதவைத் தள்ளினேன்.
மொட்டைமாடி முழுக்கக் கணுக்கால் தண்ணீர்.
வடிகுழாயை ஏதோ அடைத்திருக்கிறது.
காற்று அசையவில்லை.
மணலிப் பக்கத்துச் சிம்னியின் தீ
அத்தனை தூரம் கடந்து வந்து
எங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக எரிந்தது.
டிஷ் ஆன்டெனாக்கள் கரையோரம் குனிந்து நின்றன.

இக்கி நல்ல காலை உள்ளே விட்டான்.
‘ஜில்லுனு கீது.’
அப்புறம் பேசவில்லை.
கொசு கடித்தது. கேஸ் வாடை வந்து போனது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
முதல்முறையாக நான் எதையும் எண்ணவில்லை.

கீழேயிருந்து ஒரு குரல்:
‘மேல யாருப்பா? ஒம்போதுல சீலிங் ஒழுவுது!
குழாயில குச்சி வுடு!’

விட்டேன்.
ஒரு பால் கவர் வந்தது.
பிறகு ஒரு ஷட்டில்காக், இறகில்லாமல்.
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு
நாலே நிமிடத்தில் ஏரி இறங்கிப்போனது.
தீ மட்டும் கொஞ்ச நேரம்
ஈரத் தரையில் ஒட்டிக் கிடந்தது.

இக்கி படிக்கட்டைப் பார்த்தான்.
பிறகு என்னை.

இறங்குவதுதான் முட்டியைத் தின்னும் என்று
அவனிடம் நான் சொல்லியிருக்கவில்லை.