மதியம் ஒன்று பதினொன்று

யீஷூனில் ஒரு புளோக்கின் மொட்டைமாடி.
சூரியத் தகடுகளைக் கழுவ வந்தவர்கள் மூவர்.
பன்னிரண்டுக்கு உச்சிப்பொழுது என்பது
இந்த ஊர்க் கடிகாரத்தின் பொய்;
வெயில் தலைக்கு நேரே வர
இன்னும் ஒரு மணி பதினொரு நிமிடம் பிடிக்கும்.

மார்ச் இருபதில் பகலும் இரவும் சமமாம்.
ஏழுக்கு விடிந்து ஏழுக்கு இருட்டும் ஊரில்
அது ஒரு செய்தியா?
"எந்த மாதம் நோன்பு வந்தாலும்
இங்கே பசிக்கு ஒரே நீளம்" என்கிறான் சுஃபியான்.
ஆஸ்லோவில் இருக்கும் அவன் அக்காவுக்கு
அப்படியில்லை.

வசந்தம் எங்களுக்கு ஓர் அலைவரிசை.
நாடகத்தோடு வரும், அணைத்தால் போய்விடும்.
மரங்கள் தேதி பார்ப்பதில்லை.
வறண்டு கிடந்து ஒரு மழை விழுந்தால்
விரைவுச்சாலை ஓரமெல்லாம்
எக்காளப் பூக்கள்,
இரண்டு நாளில் டயருக்கடியில்.

என் பஞ்சாங்கத்தில் மேஷத்துக்கு
இன்னும் மூன்று வாரம்.
ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாளில் நின்றன:
சூரியன் கோட்டைத் தாண்டுவதும்
அது மேஷத்தில் கால் வைப்பதும்.
பூமி பம்பரமாய்த் தலையாட்டியதில்
நழுவின இருபத்துச் சொச்சம் நாட்கள்.
யாரும் திருத்தவில்லை.
பந்தி முடிந்து வரும் உறவினருக்குப் போல
இன்னும் ஓர் இலை போடுகிறோம்.

சுவீ லான் பையிலிருந்து ஒரு முட்டையை எடுக்கிறாள்.
சமநாளில் நிமிர்ந்து நிற்குமாம்,
அவள் அம்மா வீட்டு வழக்கம்.
"அது வியாழக்கிழமையே போய்விட்டதே?"
"நிலநடுக்கோட்டிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர்.
நடந்து வர மூன்று நாள் வேண்டாமா அதற்கு?"

ஒன்று எட்டு.
நான் துடைப்பக் கம்பை நட்டு நிறுத்துகிறேன்.
முன்னொரு காலத்தில்
அரண்மனைக்கு நூல் பிடிக்கும் முன்
இப்படித்தான் கோல் நட்டுக் காத்திருந்தார்களாம்.
எனக்குக் கட்ட எதுவும் இல்லை.

ஒன்று பத்து.
வாளி தன் நிழலின் மேல் உட்கார்ந்துகொள்கிறது.
இடிதாங்கி வெறும் கம்பி.
எங்கள் மூவரின் நிழலும்
காலணிக்கு வெளியே வரவில்லை.

பேச்சில்லை.
கீழே யாரோ லாரியைப் பின்னால் எடுக்கிறார்கள்,
பீப், பீப்.

முட்டை நிற்கவில்லை.
உருண்டு, இரண்டு தகடுகளின் இடுக்கில் மாட்டிக்கொண்டது.
"அவித்ததுதானே?" என்றான் சுஃபியான்,
"ஏழு பதினேழுக்கு எனக்கு எடுத்து வை."

கம்பின் அடியில்
கிழக்கே நகம் அளவு
கறுப்பு.